சார்ந்து நிற்பது பொய்யாகுமா? மெய்நிகர் கணினியும் சைவ சித்தாந்தமும்

வேறொன்றைச் சார்ந்தே நிற்க வேண்டிய ஒரு பொருள், அந்தச் சார்பு காரணமாகவே மெய்ம்மையில் குறைந்ததாகிவிடுமா என்பது இந்திய மெய்யியல் மரபுகள் பல நூற்றாண்டுகளாக வழக்காடி வந்த கேள்வி. உலகம் பிரமத்தைப் பற்றிக்கொண்டு தோன்றுவதால் இறுதி நோக்கில் அது வெறும் தோற்றமே என்று ஒரு சாராரும், சார்ந்து நிற்பதும் உள்ளதன் ஒரு வகையே என்று மற்றொரு சாராரும் கூறினர். தமிழில் பிறந்து வளர்ந்த சைவ சித்தாந்தம் இரண்டாம் பக்கத்தில் உறுதியாக நின்றது. அந்த வழக்கை இன்று எடுத்துப் பேசுவதற்கு, எதிர்பாராத ஓரிடத்திலிருந்து நல்லதொரு சான்று கிடைக்கிறது. பகலில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் பணிக்கருவியாகவும், மாலையில் உயர்தரக் கணினி விளையாட்டுகளை ஆடும் களமாகவும் ஒரே பெட்டியைக் கட்டுவோர் உண்டு. அந்தப் பெட்டிக்குள் நடக்கும் பங்கீடு, சார்பு, கொடை ஆகியவற்றைக் கூர்ந்து நோக்கினால், சார்புக்கும் பொய்ம்மைக்கும் இடையே பலரும் இயல்பாகப் போட்டுவிடும் முடிச்சு அவிழ்கிறது.

அத்தகைய பெட்டியின் தேவை எளிதில் விளங்கும். மென்பொருள் எழுதுவோரும் வலைப்பின்னல்களைப் பராமரிப்போரும் தங்கள் வேலைக்குப் பெரும்பாலும் லினக்ஸை விரும்புகின்றனர். ஒரே நேரத்தில் நான்கைந்து தனிக் கணினிகள் ஓடுவதற்கு ஒப்பான ஏற்பாடும் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. அவர்களே ஓய்வில் ஆட விரும்பும் விளையாட்டுகளில் பல விண்டோஸுக்கென எழுதப்பட்டவை. இரண்டு கணினிகள் வாங்கினால் செலவும் இடமும் இரட்டிக்கும். ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களையும் நிறுவி, தொடங்கும்போது ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் பழைய வழியிலோ, ஒன்று விழித்திருக்கையில் மற்றது முற்றிலும் அணைந்து கிடக்கும். மூன்றாவது வழி, லினக்ஸை அடியில் ஓடவிட்டு, அதன்மேல் விண்டோஸை ஒரு மெய்நிகர் கணினியாக ஓட்டுவது. அடியில் தாங்குவதை ஹோஸ்ட் என்றும், அதன்மேல் வந்து தங்குவதைக் கெஸ்ட் என்றும், இடையே நின்று வளங்களைப் பங்கிடும் மென்பொருளை ஹைப்பர்வைசர் என்றும் இத்துறையினர் அழைக்கின்றனர்.

இந்த எண்ணத்துக்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வயது உண்டு. ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையம் 1960களின் நடுவில் மாசசூசெட்ஸில் சிபி-40 என்ற அமைப்பை உருவாக்கியபோதே, ஒரு பெருங்கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டு, ஒவ்வொருவரும் தமக்கே உரிய தனிக்கணினியைப் போல அதனை ஆள முடிந்தது. அதன் வழிவந்த விஎம்/370 என்ற அமைப்பு 1972இல் வணிகத்துக்கு வந்தது. 1974இல் ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் ஆகிய இருவரும், மெய்நிகர் கணினி என்ற பெயருக்கு எது தகுதி பெறும் என்பதை மூன்று நிபந்தனைகளால் வரையறுத்தனர். கெஸ்ட்டில் ஓடும் நிரல், காலத் தாமதமும் வளங்களின் அளவும் நீங்கலாக, வெறுங்கணினியில் ஓடினால் எவ்வாறு நடக்குமோ அவ்வாறே நடக்க வேண்டும். வளங்கள் அனைத்தின்மீதும் ஆட்சி ஹைப்பர்வைசரிடமே இருக்க வேண்டும். கெஸ்ட்டின் கட்டளைகளில் மிகப் பெரும்பான்மையானவற்றை, இடையில் எவரும் குறுக்கிடாமல், உண்மையான பிராசசரே நேரடியாக நிறைவேற்ற வேண்டும்.

மெய்யியல் நோக்கில் இம்மூன்றில் கடைசி நிபந்தனையே கனமானது. எமுலேட்டர் எனப்படும் போலச்செய்யும் நிரலில், இல்லாத ஒரு பிராசசரை மென்பொருள் ஒவ்வொரு கட்டளையாக நடித்துக்காட்டுகிறது. அங்கே கூட்டல் ஒன்று நடந்தால், அது கூட்டலைப் பற்றிய ஒரு விவரிப்பே என்று சொல்ல ஓரளவு இடமுண்டு. மெய்நிகர் கணினியிலோ அந்த இடமே இல்லை. கெஸ்ட்டுக்குள் இரண்டு எண்கள் கூட்டப்படும்போது, ஹோஸ்ட் தன் எண்களைக் கூட்டும் அதே சிலிக்கான் சுற்றிலேயே அவை கூட்டப்படுகின்றன. இன்டெல் வழிவந்த மேசைக் கணினிகளின் பிராசசர்கள் நெடுங்காலம் இந்த வரையறைக்கு முழுதும் பொருந்தவில்லை. பென்டியத்தின் கட்டளைத் தொகுப்பில் 17 கட்டளைகள் ஹைப்பர்வைசரின் கண்ணில் படாமலே நழுவிவிடும் என்று 2000ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கணக்கிட்டது. விஎம்வேர் நிறுவனம் 1999இல் அக்கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதும் உத்தியால் இத்தடையைக் கடந்தது. பின்னர் இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் பிராசசருக்குள்ளேயே அதற்கான வசதியை அமைத்தன. அந்த வசதியைக் கொண்டு 2007 பிப்ரவரியில் லினக்ஸ் கருவகத்தில் இணைந்த கேவிஎம் என்ற பகுதியே, இங்கே பேசப்படும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளம்.

ஆகவே, கெஸ்ட்டாக ஓடும் விண்டோஸ் தனக்கென ஒரு கணினியைச் சொந்தமாகக் கொண்டிராவிட்டாலும், அது செய்யும் வேலை செய்யப்பட்ட வேலையே. வாடகை வீட்டில் குடியிருப்பவர் ஆக்கும் சோறு, வீடு அவருடையது அன்று என்பதற்காகப் பசியாற்றாமல் போவதில்லை. இவ்வளவு தெளிவான ஒன்று மெய்யியலில் ஏன் வழக்காகியது என்று வியப்பவர், எதிர்ப்பக்கத்தின் வலிமையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

அத்துவைத வேதாந்தம் மெய்ம்மையை மூன்று தளங்களில் வைத்துப் பேசுகிறது. கயிற்றில் தோன்றும் பாம்பு போன்ற தனிமனித மயக்கம் பிராதிபாசிகம். எல்லோருக்கும் பொதுவாக, உலக நடப்புக்குப் பயன்பட்டு நிற்பது வியாவகாரிகம். எக்காலத்தும் எதனாலும் மறுக்கப்படாதது பாரமார்த்திகம். இதை அறியாமல், சங்கரர் உலகத்தை வெறுங்கனவு என்றார் எனக் கூறுவது அவருக்கு இழைக்கும் அநீதி. பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்துக்கு எழுதிய உரையில், நனவுலகம் கனவைப் போன்றது என்ற பௌத்த விஞ்ஞானவாதிகளின் கூற்றை அவரே மறுத்திருக்கிறார். ஆனாலும் அவருடைய தராசில், பிறிதொன்றின் அறிவால் விலக்கப்படக்கூடியது எதுவும் முழுமெய் ஆவதில்லை. கயிற்றை அறிந்ததும் பாம்பு மறைவதுபோல, பிரமத்தை அறிந்த நிலையில் உலகத்தின் தனி இருப்பும் விலகுகிறது. இந்தத் தராசில் வைத்தால், ஹோஸ்ட்டை அறிந்தவருக்குக் கெஸ்ட் ஒரு தோற்றமாகிவிட வேண்டும். அவ்வாறு ஆகிறதா?

ஹோஸ்ட்டில் ஓடும் செயல்களின் பட்டியலைத் திறந்து பார்த்தால், விண்டோஸ் என்ற முழு இயங்குதளமும், அதன் பல்லாயிரம் கோப்புகளும், அதனுள் திறந்து கிடக்கும் விளையாட்டும் சேர்ந்து, க்யூஎமு என்ற பெயரில் ஒற்றை வரியாக நிற்பது தெரியும். உலாவிக்கு ஒரு வரி இருப்பதுபோல இதற்கும் ஒரு வரி. கெஸ்ட் தன்னுடையவை என்று எண்ணும் பிராசசர் கருக்கள் ஒவ்வொன்றும் அந்தச் செயலின் ஓர் இழை மட்டுமே. இதை அறிந்த பின்னும் விண்டோஸ் மறைவதில்லை, அதன் கணக்குகள் பொய்ப்பதில்லை, அதில் சேமித்த கோப்பு அழிவதில்லை. பாம்பும் கயிறும் ஒன்றையொன்று விலக்குவன. இந்த வரியும் அந்த இயங்குதளமும் ஒருங்கே நிற்பன. சார்பை அறிதல் இங்கே சார்ந்ததை அழிக்காமல் விளக்குகிறது.

சைவ சித்தாந்தம் பிடித்த இடம் இதுவே. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தின் 12 சூத்திரங்களில் முதலாவது, உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதைக் காட்டி, அதனைச் செய்யும் ஒரு முதலை நிறுவுகிறது. ஆனால் ஒடுங்குவதால் உலகம் பொய் என்று அது எங்கும் கூறவில்லை. சற்காரியவாதம் என்ற கொள்கைப்படி, இல்லாத எதுவும் தோன்றாது, உள்ள எதுவும் முற்றிலும் இல்லாமற்போகாது. காரியமாக விரிந்தது காரணத்தில் நுண்ணிலையில் ஒடுங்கும். குடத்துக்கு மண் முதற்காரணமாகவும், தண்டசக்கரம் துணைக்காரணமாகவும், குயவர் நிமித்த காரணமாகவும் அமைவதுபோல, உலகத்துக்கு மாயை முதற்காரணம், சிவசத்தி துணைக்காரணம், சிவம் நிமித்த காரணம். ஆகவே சித்தாந்தத்தில் மாயை என்பது மயக்கத் தோற்றத்தின் பெயராக நில்லாமல், உலகம் ஆவதற்கான, அழியாத மூலப்பொருளின் பெயராக நிற்கிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பிற கொள்கைகளை வரிசையாக எடுத்து மறுக்கையில் உலகைத் தோற்றம் எனக் கொள்ளும் மாயாவாதத்தையும் விடாமல் எடுத்துக்கொண்டதற்கு இந்த வேறுபாடே காரணம். ஓடும் நிலையைச் சேமித்து நிறுத்திவைக்கப்பட்ட கெஸ்ட், ஹோஸ்ட்டின் வட்டில் ஒரு கோப்பாக ஒடுங்கியிருந்து, ஏவப்பட்டதும் விட்ட இடத்திலிருந்து மீண்டும் விரிகிறது என்ற நடைமுறையைச் சற்காரியவாதி ஒருவர் பெரிய வியப்பின்றி ஏற்றுக்கொண்டிருப்பார்.

இதுவரை கூறியது எந்த மெய்நிகர் கணினிக்கும் பொருந்தும். விளையாட்டு உள்ளே நுழையும்போதுதான் கேள்வி கூர்மை பெறுகிறது. அலுவல் வேலைக்கான கெஸ்ட்டுக்கு ஹைப்பர்வைசர் ஒரு பாவனைக் கிராபிக்ஸ் அட்டையைக் காட்டினால் போதும். சாளரங்கள் திறக்கும், எழுத்துகள் தெரியும். முப்பரிமாண விளையாட்டுக்கு அது சிறிதும் போதாது. நொடிக்கு 60 படச்சட்டங்கள் வரைய வேண்டுமானால் ஒவ்வொரு சட்டத்துக்கும் 16.7 மில்லிநொடிகளே உண்டு; 144 சட்டங்கள் காட்டும் திரையில் அது 6.9 மில்லிநொடிகளாகச் சுருங்குகிறது. அதற்குள் பல இலட்சம் முக்கோணங்களையும் ஒளிநிழலையும் கணக்கிட, ஆயிரக்கணக்கான கணிப்பலகுகள் கொண்ட உண்மையான அட்டை வேண்டும். எனவே ஹோஸ்ட் தன் அட்டையையே கெஸ்ட்டிடம் முழுமையாக ஒப்படைக்கிறது. பாஸ்துரூ என்று இத்துறையினர் இதைக் குறிக்கின்றனர்.

இந்த ஒப்படைப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்பது தகும். கிராபிக்ஸ் அட்டை, பிராசசரின் வழியே போகாமல், தானே நினைவகத்தைப் படிக்கவும் எழுதவும் வல்லது. கெஸ்ட்டோ தன் நினைவகம் சுழியத்தில் தொடங்குவதாக எண்ணிக்கொண்டிருக்கிறது. மெய்யில் அந்த நினைவகம் ஹோஸ்ட்டின் ரேமில் வேறெங்கோ இருக்கிறது. கெஸ்ட் கொடுத்த முகவரியை அட்டை அப்படியே நம்பி எழுதினால், ஹோஸ்ட்டின் நினைவகத்தில் தொடர்பற்ற ஓரிடம் சிதைந்து முழுக் கணினியும் வீழும். இதைத் தடுக்க, கருவிகளின் முகவரிகளை இடையில் நின்று மாற்றித்தரும் ஐஓஎம்எம்யூ என்ற வன்பொருள் பகுதி வேண்டும். இன்டெல் அதனை விடி-டி என்றும் ஏஎம்டி அதனை ஏஎம்டி-விஐ என்றும் அழைக்கின்றன. மதர்போர்டின் அமைப்பைப் பொறுத்து இப்பகுதி கருவிகளைக் குழுக்களாகப் பிரிக்கிறது; ஒரு குழுவைப் பிளந்து பாதியைக் கொடுக்க இயலாது. அட்டையின் படப்பகுதி 01:00.0 என்ற முகவரியில் இருந்தால், திரைக்கு ஒலி அனுப்பும் அதன் பகுதி 01:00.1 என்ற முகவரியில் இருக்கும். இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். இவ்வகைக் கணினி கட்டுவோர் மதர்போர்டைத் தேர்வதில் மற்ற எதையும்விட அதிக கவலை கொள்வது இந்தக் குழுப்பிரிவு பற்றியே, அக்கவலை மிகச் சரியானது.

அதற்கு மேல், 2012இல் லினக்ஸ் 3.6 பதிப்பில் சேர்ந்த விஎஃப்ஐஓ என்ற ஏற்பாடு, கணினி எழும்போதே அட்டையைத் தன் கையில் பிடித்துக்கொள்கிறது. ஹோஸ்ட்டின் சொந்த டிரைவர் முந்திக்கொண்டு அட்டையைத் தொட்டுவிட்டால் பின்னர் விடுவிப்பது கடினம் என்பதால், கருவகத்துக்குத் தரும் தொடக்கக் கட்டளையிலேயே அந்த அட்டையின் அடையாள எண்களை எழுதி, இதனைத் தொடாதே என்று முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டியிருக்கிறது. அட்டையுடன் இணைந்த திரை, ஹோஸ்ட் முழுதும் எழுந்து வேலைக்குத் தயாரான பிறகும் இருண்டே கிடக்கும். கெஸ்ட்டை ஏவியதும், ஹோஸ்ட்டின் தடம் எதுவுமின்றி, விண்டோஸின் சின்னம் நேராக அதில் எழும். ஹோஸ்ட் தன் திரைக்குப் பிராசசரோடு ஒட்டி வரும் சிறிய கிராபிக்ஸ் பகுதியையோ, விலை குறைந்த இரண்டாவது அட்டையையோ கொண்டு நிறைவுகொள்கிறது. கெஸ்ட்டின் நினைவகமும் இந்தக் கொடையோடு உறுதிப்பட்டுவிடுகிறது. அட்டை எந்நேரமும் அதில் எழுதக்கூடும் என்பதால், கெஸ்ட்டுக்குத் தந்த ரேம் முழுவதையும் ஓரிடத்தில் நிலைநிறுத்த வேண்டும். சாதாரண மெய்நிகர் கணினியில் செய்வதுபோல, பயன்படாத பகுதியை அவ்வப்போது திருப்பி எடுத்துக்கொள்ள இயலாது.

மெய்யாகவே கொடுத்தல் என்பது கொடுப்பவர் விலகிக்கொள்வதை வேண்டுகிறது என்பது இங்கே வன்பொருள் அளவிலேயே தெரிகிறது. சமயச் சிந்தனையில் இதற்கு இணையான எண்ணம் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் வாழ்ந்த யூத ஞானி ஐசக் லூரியாவின் மரபு, எங்கும் நிறைந்த இறைவன் தன்னைச் சுருக்கிக்கொண்டு ஒரு வெற்றிடம் உண்டாக்கியதால்தான் உலகத்துக்கு இடம் கிடைத்தது என்று கூறுகிறது. சைவ சித்தாந்தம் இவ்விடத்தில் வேறு வழியில் செல்கிறது. இறைவனாகிய பதி, உயிராகிய பசு, உயிரைக் கட்டும் தளையாகிய பாசம் என்ற மூன்றும் தொடக்கமற்றவை. உயிர் இறைவனால் படைக்கப்பட்டதன்று, ஆகவே அதற்கு இடம் ஒதுக்க இறைவன் சுருங்க வேண்டியதில்லை. உயிருக்குத் தனு, கரணம், புவனம், போகம் (உடல், அறிகருவி, உலகம், நுகர்பொருள்) ஆகியவற்றை மாயையிலிருந்து தரும்போதும் இறைவனிடம் எதுவும் குறைவதில்லை. அட்டையைக் கொடுத்த ஹோஸ்ட் அதை இழந்தே நிற்கிறது. இவ்வேறுபாட்டை மறைத்துவிட்டு ஹோஸ்ட்டைப் பதிக்கும் கெஸ்ட்டைப் பசுவுக்கும் நேராக்கினால் உவமையும் கெடும், சித்தாந்தமும் கெடும்.

உவமை உதவுவது உறவின் வகைகளை விளக்குவதில். சிவஞான போதத்தின் இரண்டாம் சூத்திரம் இறைவனுக்கும் உயிர்களுக்கும் உள்ள அத்துவித உறவை ஒன்றாதல், வேறாதல், உடனாதல் என மூன்று முகங்களில் காண்கிறது. உமாபதி சிவாசாரியார் சிவப்பிரகாசத்தில் இதற்கு உடலும் உயிரும், கண்ணும் கதிரவனும், உயிரின் அறிவும் கண்ணின் ஒளியும் என மூன்று உவமைகள் தருகிறார். ஓர் உறவு ஒரே நேரத்தில் இம்மூன்றாகவும் இருக்க முடியுமா என்பது இவ்விடத்தைப் படிக்கும் மாணவர் பலருக்கும் எழும் ஐயம். கெஸ்ட்டுக்கும் ஹோஸ்ட்டுக்கும் உள்ள உறவில் அது முரணின்றி நடப்பதைக் காணலாம். பிராசசரைப் பொறுத்தவரை கெஸ்ட், ஹோஸ்ட்டின் செயல்களில் ஒன்றாகவே கலந்து கிடக்கிறது. அட்டையைப் பொறுத்தவரை ஹோஸ்ட் தொட முடியாதவாறு வேறாக நிற்கிறது. வட்டு, வலைப்பின்னல் ஆகியவற்றைப் பொறுத்தவரை ஒவ்வொரு அசைவிலும் ஹோஸ்ட் உடன் நின்று முடித்துத்தருகிறது. ஒன்றாதலும் வேறாதலும் எதிர்ச்சொற்கள் என்பதால் அவை ஓருறவில் கூடா என்ற மறுப்பு, எதைப் பொறுத்து ஒன்று, எதைப் பொறுத்து வேறு என்று கேட்கப்பட்டவுடன் வலுவிழக்கிறது. சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் தம் மாபாடியத்தில் இந்தச் சூத்திரத்துக்குச் செலவிட்ட விரிவான ஆராய்ச்சியும் அந்த வேறுபடுத்தலைக் காக்கும் முயற்சியே.

இன்னொன்றும் கவனத்துக்கு உரியது. வேலை மெய்யானது, விளையாட்டு பொழுதுபோக்கு என்பது பொதுக் கருத்து. ஆனால் இந்தப் பெட்டியில் மெய்யான வன்பொருளைக் கேட்பது விளையாட்டுதான். ஒரு நிரலைத் தொகுக்கும் வேலை அரை நொடி பிந்தினால் எவருக்கும் தெரிவதில்லை. தரவுத்தளம் ஒன்று பத்து மெய்நிகர் கணினிகளோடு பிராசசரைப் பங்கிட்டுக்கொண்டு அமைதியாக வாழும். விளையாட்டில் ஒரு சட்டம் 30 மில்லிநொடி பிந்தினால் கை உணர்ந்துவிடும். எனவே கட்டுவோர், 16 கருக்கள் கொண்ட ரைசன் 9 5950எக்ஸ் போன்ற பிராசசரில், 32 மெகாபைட் இடைச்சேமிப்பைத் தமக்குள் பகிரும் 8 கருக்கள் கொண்ட சில்லு ஒன்றை முழுவதுமாக விளையாட்டுக்கு ஒதுக்கி, கெஸ்ட்டின் ஒவ்வொரு இழையையும் ஒரு குறிப்பிட்ட கருவோடு கட்டி, ஹோஸ்ட்டின் வேலைகளை மற்றச் சில்லுக்கு விலக்கிவைக்கின்றனர். நினைவகத்தையும் வழக்கமான 4 கிலோபைட் துண்டுகளாக வைக்காமல் 2 மெகாபைட் அல்லது 1 கிகாபைட் அளவுப் பெருந்துண்டுகளாகத் தருகின்றனர். இத்தனை அக்கறையும் ஆட்டத்துக்காக. சித்தியாரும் இறைவனின் ஐந்தொழிலை விளையாட்டு எனக் கூறும் வழக்கை ஏற்றுக்கொண்டு, அவ்விளையாட்டு உயிர்கள் மலம் நீங்கி உய்வதற்கே என்று அதன் பொருளை ஆழப்படுத்துகிறது. விளையாட்டு என்ற காரணத்தால் ஒன்றை இலேசானதாக எண்ணிவிடக்கூடாது என்பதில் சித்தாந்தியும் கணினி கட்டுபவரும் உடன்படுவர்.

தான் சார்ந்து நிற்பதைச் சார்ந்தது அறிய முடியுமா என்பது இதனை அடுத்து வரும் கேள்வி. பிருகதாரண்யக உபநிடதத்தின் அந்தர்யாமிப் பகுதி, எதனுள் இருந்து எதனை நடத்துகிறதோ அதனால் அறியப்படாத ஓர் உள்நின்று இயக்குபவனைப் பற்றிப் பேசுகிறது. இராமாநுசர் தம் உடல்-உயிர்க் கொள்கைக்கு அதனைப் பேராதாரமாகக் கொண்டார். கணினித் துறையிலும் இக்கேள்வி உண்மையில் எழுந்தது. போலந்து நாட்டுப் பாதுகாப்பு ஆய்வாளர் யோவானா ருட்கோவ்ஸ்கா 2004இல், ஒற்றைக் கட்டளையின் விடையைக் கொண்டே தான் மெய்நிகர் கணினிக்குள் இருப்பதை ஒரு நிரல் கண்டுகொள்ளும் வழியையும், 2006இல் அதற்கு எதிர்மாறாக, ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளம் ஒன்றை அது அறியாமலே கெஸ்ட்டாக மாற்றிவிடும் வழியையும் காட்டினார். விளையாட்டுக் கெஸ்ட்டைக் கட்டுவோருக்கு இது வெறும் தத்துவ விசாரமாக இருக்கவில்லை. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் அட்டைகளுக்கான டிரைவர், தான் கெஸ்ட்டுக்குள் இருப்பதாகக் கண்டால் 43 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிட்டது. அதனால் ஹைப்பர்வைசரின் இருப்பையே கெஸ்ட்டிடமிருந்து மறைத்துவைக்கும் அமைப்புகள் பரவின. 2021 மார்ச்சில் அந்நிறுவனம் தடையை நீக்கியது. ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் வேன்கார்டு போன்ற காவல் நிரல்கள் மட்டும் கெஸ்ட்டை இன்னும் ஏற்பதில்லை. அவற்றின் அச்சம் நியாயமானது: ஹோஸ்ட்டால் கெஸ்ட்டின் நினைவகத்தை எந்நேரமும் படிக்க முடியும், சுவருக்குப் பின்னால் எதிராளி நிற்பதைப் படிப்பவருக்குச் சொல்லிவிடவும் முடியும். அந்நிரல்களை ஏமாற்றி ஹைப்பர்வைசரை மறைப்பது, கட்டுபவர் தாம் நேர்மையாகவே ஆடுவதாக இருந்தாலும், உடன் ஆடுவோர் ஏற்ற விதியை அவர்கள் அறியாமல் மீறுவதே.

மறைத்தலின் மறுபக்கம் இன்னும் சிந்திக்கத்தக்கது. தன் சார்பை அறியாத கெஸ்ட், பாவனை வட்டையும் பாவனைக் கடிகாரத்தையும் மெய்யென்று கொண்டு, ஒவ்வொரு முறையும் இல்லாத பதிவேடுகளைத் தட்ட, ஹைப்பர்வைசர் ஓட்டத்தை நிறுத்தி, அத்தட்டலுக்குரிய விடையைப் புனைந்து தர வேண்டியிருக்கிறது. தன் சார்பை அறிந்த கெஸ்ட்டோ விர்ட்ஐஓ என்ற ஏற்பாட்டின் டிரைவர்களைக் கொண்டு, இருவருக்கும் பொதுவான நினைவகத்தில் தன் வேண்டுதல்களை வரிசையாக வைத்துவிட்டு, ஹோஸ்ட் முடித்துத்தருவதை நேராகப் பெற்றுக்கொள்கிறது. விண்டோஸும் தான் ஹைப்பர்வைசரின்மேல் இருப்பதாக அறிவிக்கப்பட்டால் எளிய கடிகாரத்துக்கு மாறி வேகம் பெறுகிறது. பதியை உயிர் தன் சிற்றறிவாலோ கருவிகளின் அறிவாலோ அறியாது, அருளால் உணர்த்தப்பட்டே அறியும் என்றும், அறிந்த உயிர் தன் செயலைத் தன்னுடையதெனக் கொள்ளாமல் இறைபணி நிற்கும்போது வினையின் சுமை அதனைத் தாக்காது என்றும் சிவஞான போதத்தின் பிற்பகுதி கூறுகிறது. கெஸ்ட்டுக்கு விழைவோ வினையோ இல்லை என்பதால் இந்த ஒப்புமையை நெடுந்தூரம் இழுக்கலாகாது. எனினும் சார்பை அறிதல் தாழ்வைக் கொண்டுவரும் என்ற எண்ணத்துக்கு மாறான ஒரு நிகழ்வாக இதனைக் கொள்ளலாம்.

கடைசியாக, ஹோஸ்ட் தானும் அடித்தளமா என்று கேட்க வேண்டும். தகுதியுள்ள வன்பொருளில் புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 11, பாதுகாப்புக்காக மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்வைசரைத் தனக்கு அடியில் தானே எழுப்பிக்கொள்கிறது. ஆகவே வெறுங்கணினியில் ஓடுவதாக எண்ணப்படும் விண்டோஸும் ஒன்றின்மேல் தங்கியே ஓடுகிறது. லினக்ஸ் ஹோஸ்ட்டுக்கும் இயங்குதளத்தின் கண்ணில் படாத ஃபர்ம்வேர் அடுக்கு ஒன்று கீழே உண்டு. 2015 முதல் வந்த இன்டெல் தொகுப்புகளில், கணினியை மேலாளும் தனிச் சிறு பிராசசருக்குள் மினிக்ஸ் என்ற இயங்குதளம் ஓடிக்கொண்டிருந்தது 2017இல் பரவலாகத் தெரியவந்தபோது, அதனை ஆக்கிய ஆண்ட்ரூ டனன்பாம் தம் இயங்குதளம் இத்தனை கணினிகளில் இருப்பதை முன்னதாக எவரும் தமக்குச் சொல்லவில்லை என்று இன்டெலுக்கு வெளிப்படையான கடிதம் எழுதினார். அதற்கும் கீழே மின்சாரம், மின்சாரத்துக்கும் கீழே பொருளின் இயல்பு என்று சார்பு தொடர்ந்துகொண்டே போகிறது. முடிவின்றிப் பின்னோக்கிச் செல்லும் இக்குற்றத்தை நம் அளவை நூல்கள் அனவத்தை என்பன. அதைத் தவிர்க்கவே, சார்பற்ற ஒரு முதல் வேண்டும் எனச் சித்தாந்தி வாதிடுகிறார். கணினிப் பெட்டி அந்த முதலைக் காட்டாது. சார்ந்து நிற்பவை மெய்யாகவே நிற்கின்றன என்பதற்குக் காட்சி அளவையாலும், எந்த அடுக்கும் பிறிதொன்றைத் தாங்கலாகக் கொண்டே நிற்கிறது என்பதற்குக் கருதல் அளவையாலும் அது சான்றாகும். எல்லா அடுக்குகளுக்கும் அப்பால், எதனையும் சாராமல் தாங்குவது யாது என்பதைச் சித்தாந்திகள் கருதலோடு விட்டுவிடாமல் ஆகம அளவையின் துணைகொண்டே நிறுவினர்.